மைக் இல்லாத மாலை: கடற்கரை ஊரில் ஒரு பியானோ டிரியோ கச்சேரி

வேம்பாரில் விழா என்றால் முதல் அட்வான்ஸ் மைக் செட்டுக்குத்தான் போகும். ஜெனரேட்டர், பந்தல், சீரியல் செட் எல்லாம் அதற்குப் பிறகு. கடற்காற்றையும் அலையையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால், ஓசையைக் கூட்டக் கற்ற ஊர்கள் நம்முடையவை. இந்த அத்தியாயம் சொல்லும் வேலை அதற்கு நேர்மாறு. பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்த கச்சேரிக்கு அமைப்பாளர் செய்யவேண்டியதில் பாதிக்கு மேல், சுற்றியிருக்கும் ஓசைகளை ஒவ்வொன்றாக அணைப்பதுதான். மீதியைக் கலைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நூற்றைம்பது பேர் அமரக்கூடிய ஒரு கூடம், வெளியூரிலிருந்து வரும் மூன்று கலைஞர்கள், உள்ளூரில் ஆறேழு தொண்டர்கள். இவ்வளவு போதும் என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

1. முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பணம் கேட்டு ஒரு வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி, ‘பாட்டு உண்டா?’ என்பதாகத்தான் இருக்கும். பாட்டு இல்லை, நடனம் இல்லை, மூன்று வாத்தியங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம் என்று சொல்லுங்கள். ஐரோப்பாவில் இது பெரிய அரங்குக்கு எழுதப்பட்டதல்ல. வீட்டுக் கூடத்தில், சிலர் வாசிக்கச் சிலர் கேட்கப் பிறந்தது. ‘சேம்பர் மியூசிக்’ என்ற பெயரிலுள்ள ‘சேம்பர்’ அறையைக் குறிப்பது.

கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு ஒரு விளக்கம் உதவும். ஜோசப் ஹெய்டன் எழுதிய நாற்பதுக்கும் மேற்பட்ட பியானோ டிரியோக்களில் பியானோதான் பிரதானம். வயலின் கூடவே வரும். செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கை வாசிப்பதையே அழுத்திச் சொல்லும். ஏறக்குறைய பக்கவாத்தியம். 1795இல் பீத்தோவன் தன் முதல் எண்ணிட்ட படைப்பாக மூன்று டிரியோக்களை வெளியிட்டபோது செல்லோவுக்கும் சொந்தக் குரல் வரத் தொடங்கியது. அதன் பிறகு மூவரும் சமம். யார் சொல்வதை யார் எடுத்துக்கொள்கிறார், யார் மறுக்கிறார் என்பதே சுவை.

அதனால் இங்கே விரலைவிடக் காது முக்கியம். 1814 ஏப்ரலில் வியன்னாவில் பீத்தோவன் தன் ‘ஆர்ச்டியூக்’ டிரியோவைத் தானே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றினார். காது ஏறக்குறைய போய்விட்டிருந்தது. ஒத்திகையைக் கேட்ட வயலின் கலைஞர் லூயி ஷ்போர் எழுதிவைத்த குறிப்பின்படி, அழுத்தி வாசிக்கும் இடத்தில் தந்திகள் அதிர்ந்து கரகரத்தன. மென்மையான இடத்தில் சுரங்களே கேட்கவில்லை. பியானோவும் சுருதி விலகியிருந்தது. அந்தப் படைப்பை எழுதியவரே ஆனாலும், மற்ற இருவரைக் கேட்க முடியாவிட்டால் டிரியோ நிற்காது. நீங்கள் ஏற்பாடு செய்யும் கூடத்தில் மூன்று கலைஞர்களும் ஒருவரையொருவர் கேட்க முடிகிறதா என்பதுதான் முதல் சோதனை. பார்வையாளர்கள் அதற்கு அடுத்துத்தான்.

2. நாள் குறித்தல்

நான்கு கணக்குகளைச் சேர்த்துப் பாருங்கள்.

*மழை:* அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வேண்டாம்.

*காற்று:* ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும். கதவை அடைத்தால் வேக்காடு, திறந்தால் புழுதி. வேண்டாம்.

*வழிபாட்டு நாள்காட்டி:* சாம்பல் புதனில் தவக்காலம் தொடங்கினால் உயிர்ப்புப் பெருவிழா வரை பங்கில் கேளிக்கை வைக்க மாட்டார்கள். செபஸ்தியார் திருநாள் ஜனவரி 20. அதைக் கொண்டாடும் தெருக்களில் அந்த வாரம் கொட்டும் வெடியும் இருக்கும்.

*கடல்:* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலோர் கடலுக்குப் போவதில்லை. கரையில் இன்ஜின் சத்தம் குறைவு, ஆட்களும் வீட்டில் இருப்பார்கள்.

இவற்றைக் கழித்து மிஞ்சும் நாட்களில் நல்லது ஜனவரிக் கடைசியிலிருந்து சாம்பல் புதனுக்கு முன்வரும் ஞாயிறுவரை. மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் தூங்க வேண்டும்.

3. இடம்: கோவிலா, கூடமா?

உயர்ந்த கூரையும் அழகும் இருப்பதால் முதல் யோசனை கோவிலாகத்தான் இருக்கும். இரண்டு காரணங்களுக்காக அதைத் தவிர்க்கச் சொல்கிறேன்.

ஒன்று, திருச்சபையின் விதி. வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5 அன்று கோவில்களில் நடக்கும் இசைக் கச்சேரிகள் பற்றி ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. கோவிலுக்குள் திரு இசைக்கும் சமய இசைக்கும்தான் இடம். ஆயரிடம் எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. கலைஞர்கள் பீடப்பகுதியில் அமரக் கூடாது. பின்னால் நிரலில் வரும் ஹெய்டனின் நாடோடி நடனம் எவ்வளவு நல்ல இசையானாலும் திரு இசை ஆகாது. பங்குத்தந்தையைச் சங்கடத்தில் விடாதீர்கள்.

இரண்டு, எதிரொலி. உயர்ந்த கோவிலில் ஒரு சுரம் அடங்கச் சில நொடிகள் ஆகும். கூட்டுப் பாடலுக்கு அது வரம். பியானோவின் வேகமான சுரங்களோ ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். டிரியோவுக்கு ஒன்று அல்லது ஒன்றரை நொடி எதிரொலி போதும்.

பள்ளிக்கூட அரங்கோ பங்குக் கூடமோ நல்லது. போய் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். ‘டப்’ என்று முடிந்தால் சரி. ‘டரரர’ என்று சுவருக்குச் சுவர் ஓடினால், பின்சுவரிலும் ஒரு பக்கச் சுவரிலும் ஜமுக்காளம் தொங்கவிடுங்கள். இரண்டு எதிர்ச்சுவர்களில் ஒன்றை மூடினாலே போதும். தரையில் பாய் விரித்துச் சிறுவர்களை முன்னால் உட்காரவைத்தால் அதுவும் எதிரொலியை உறிஞ்சும். தகரக் கூரையுள்ள கூடம் வேண்டாம். வெயில் இறங்கும் நேரத்தில் தகரம் சுருங்கி ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் திறக்கும் ஜன்னல்களைச் சாத்துங்கள். லாரி ஹாரனை எந்தச் செல்லோவும் வெல்லாது. கடல் பக்கத்து ஜன்னலை மூட வேண்டியதில்லை. அலையோசை ஒரே சீராக வருவதால் ஐந்தே நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். காது மறக்காதது விட்டு விட்டு வரும் ஓசை: சுழலும்போது ‘கிறீச்’ என்னும் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கைபேசி, பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம்.

4. பியானோ: பெரிய செலவு, பெரிய கவலை

உப்பளம் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காற்றில் உப்பு இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பியானோவுக்குள் ஏறத்தாழ 230 எஃகுத் தந்திகள். எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 டன் இழுவிசையில் நிற்கின்றன. அவற்றின் அதிர்வை ஏந்தும் மரப்பலகை ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். பலகை உப்பும்போது சுருதி ஏறும். பியானோவுக்கு உகந்தது 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம். கடற்கரையில் அது அரிதாகவே கிடைக்கும்.

ஆகவே வரிசை மாறக் கூடாது. வாடகைப் பியானோ கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பே வந்து கூடத்தில் தன் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு முழு நாள் அந்தக் காற்றைக் குடிக்கட்டும். அதன் பிறகே சுருதி சேர்ப்பவரை வரச்சொல்லுங்கள். கச்சேரி நாள் மதியம் அவர் இன்னொரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் சேர்த்தே கூலி பேசுங்கள். வந்து இறங்கிய அன்றே சுருதி சேர்த்தால் கொடுத்த பணம் காற்றோடு போகும். வயலினும் செல்லோவும் பியானோவுக்கு ஏற்பத் தங்களைச் சேர்த்துக்கொள்ளும். பியானோவால் அது முடியாது.

சுவரோரம் நிறுத்தும் அப்ரைட் பியானோ 200 முதல் 300 கிலோ இருக்கும். படகைக் கரையேற்றிப் பழகிய ஆறு பேர் இருந்தால் தூக்கிவிடலாம் என்று தோன்றும். பலத்தைவிட நிதானம் முக்கியம். சாய்க்காமல், குலுக்காமல், உருளைகளைத் தரையில் இழுக்காமல் நகர்த்த வேண்டும். லாரியில் தார்ப்பாய் போட்டு மூடியே கொண்டுவாருங்கள்.

பணம் கட்டுப்படியாகவில்லையா? எடையுள்ள 88 கட்டைகள் கொண்ட நல்ல டிஜிட்டல் பியானோ மாற்றுவழி. இந்த ஒரு வழக்கில் மட்டும் ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டு. பெட்டி ஒன்றே ஒன்று, வாசிப்பவரின் முதுகுப் பின்னால், முழங்கால் உயரத்தில். ஓசையின் அளவை மைக் செட்காரர் தீர்மானிக்கக் கூடாது, வயலின்காரர் சொல்லட்டும். யுபிஎஸ் கட்டாயம்.

5. செல்லோவுக்கு ஒரு நாற்காலி, ஒரு பலகை

செல்லோ தரையில் நிற்பது ஒரு கூர்மையான கம்பியின்மேல். மொசைக், கிரானைட், டைல்ஸ் எதிலும் அது வழுக்கும். ஒரு ஊரில் நான் இதை மறந்துவிட்டு, கச்சேரிக்கு நடுவில் செல்லோ முன்னால் சறுக்கிப் போவதையும் கலைஞர் முழங்காலால் அதைப் பிடித்து நிறுத்துவதையும் பார்த்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து என் பையில் இரண்டடிப் பலகை ஒன்று இருக்கும். நடுவில் சிறு குழி. பலகையின் ஒரு முனையில் கயிறு. அதை நாற்காலியின் முன்காலில் கட்டிவிட வேண்டும். உள்ளூர் ஆசாரி பத்து நிமிடத்தில் செய்துதருவார்.

நாற்காலிக்குக் கைப்பிடி கூடாது. இருக்கை பின்பக்கம் சரியாமல் சமமாக, சுமார் 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வளையும். பள்ளியிலிருந்து பழைய மர நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கலைஞர்கள் சென்னையிலிருந்து வந்தால் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவு ரயில் வசதி. செல்லோவுக்கும் ஒரு படுக்கை பதிவு செய்துவிடுவது நல்லது. தூத்துக்குடியில் இறங்கி வேம்பார் வரும்போது வாத்தியங்களை டிக்கியில் வைக்கவிடாதீர்கள். வெயிலில் நின்ற கார் டிக்கியின் சூட்டில் மரத்தை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

மேடை அமைப்பு: பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் வயலின் இடப்பக்கம், செல்லோ வலப்பக்கம், பியானோ இருவருக்கும் பின்னால். பியானோ வாசிப்பவரின் கண்ணில் மற்ற இருவரின் வில்லும் பட வேண்டும். இசைத்தாள் பறக்காமலிருக்கத் துணிக் கிளிப் ஒரு டஜன். தாளின்மேல் நிழல் விழாத விளக்கு.

பக்கம் புரட்ட ஒருவர் வேண்டும். பியானோ வாசிப்பவரின் இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் தலையசைத்ததும் எழுந்து, மேல் மூலையைப் பிடித்துச் சத்தமில்லாமல் புரட்ட வேண்டும். பங்குப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும், ஐந்துகோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள். அந்த மாலையில் எல்லாரையும்விட அதிகம் கற்றுக்கொள்வது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

6. நிகழ்ச்சி நிரல்: பழையதும் புதியதும்

முதல் கச்சேரி எழுபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கீழே உள்ளது ஒரு மாதிரி.

*நோட்டுஸ்வரம் ஒன்று, மூன்று வாத்தியங்களுக்கு (5 நிமிடம்).* இதைப் புதிய படைப்பாக இளம் இசையமைப்பாளர் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். காரணம் உண்டு. சென்னைக் கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய இசையைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார்; அவைதான் நோட்டுஸ்வரங்கள். அவரது தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்; பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். வேம்பாரும் எட்டயபுரமும் இன்று ஒரே மாவட்டம். மேடையில் இருக்கும் வயலின் நம் பக்கத்து ஊருக்கு வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன என்று சொல்லித் தொடங்கினால், ‘இது யார் இசை?’ என்ற கேள்வி அங்கேயே கரைந்துவிடும்.

*ஹெய்டன், ஜி மேஜர் டிரியோ, 1795 (15 நிமிடம்).* லண்டனில் எழுதியது. கடைசிப் பகுதி ‘ஜிப்சி ரோண்டோ’. ரோண்டோ என்றால் பல்லவி போல ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வரும். நடுவில் புதிது புதிதாக ஏதோ நடக்கும். வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டில் கூட்டத்தின் பதில்குரல் மாறாமல் வந்துகொண்டிருக்க, முன்பாடுபவர் மட்டும் வரியை மாற்றிக்கொண்டே போவார் அல்லவா, அதை நினைவூட்டுங்கள். பெரியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

*ஆர்வோ பேர்ட், ‘மொஸார்ட்-அடாஜியோ’, 1992 (6 நிமிடம்).* எஸ்டோனிய இசையமைப்பாளர், மறைந்த வயலின் கலைஞர் ஓலெக் ககானின் நினைவாக மொஸார்ட்டின் பியானோ சொனாட்டா ஒன்றின் மெதுவான பகுதியை எடுத்து மூவருக்கு அமைத்தது. சுரங்களைவிட இடைவெளி பேசும் இசை. இதற்குமுன் மின்விசிறிகளை அணைத்துவிடுங்கள். ஆறு நிமிடம் வியர்த்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

*ட்வோர்ஷாக், ‘டும்கி’ டிரியோ, 1891 (32 நிமிடம்).* டும்கா என்பது உக்ரைன் பக்கத்திலிருந்து வந்த புலம்பல் வகை. ஆறு டும்காக்கள், ஒவ்வொன்றிலும் ஒப்பாரி போல் இழையும் இசை, சொல்லாமல் கொள்ளாமல் கும்மிக்குத் தாவும், மறுபடி அழும். செல்லோவின் குரலை ஊர் மறக்காது. இதைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1892இல் அமெரிக்கா புறப்படுமுன் ட்வோர்ஷாக், வயலினுக்கு லாக்னரையும் செல்லோவுக்கு விஹானையும் அழைத்துக்கொண்டு பொஹீமியா, மொராவியாவின் ஊர்களில் சுமார் நாற்பது இடங்களில் விடைபெறும் கச்சேரி செய்தார். தலைநகரோடு நில்லாமல் ஊர் ஊராகப் போன டிரியோ இது.

ஆர்ச்டியூக்கும் (40 நிமிடம்) ஷூபர்ட்டின் ஈ-ஃபிளாட் டிரியோவும் (45 நிமிடம்) மூன்றாம் ஆண்டுக்கு இருக்கட்டும். ஷோஸ்டகோவிச்சின் 1944ஆம் ஆண்டு டிரியோவை, ஊரில் அண்மையில் சாவு நடந்திருந்தால் வைக்காதீர்கள்; அதன் துக்கத்துக்குக் கும்மி கிடையாது.

7. உரிமம்

இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் மறைந்த பின் அறுபது ஆண்டு வரை உரிமை நீடிக்கும். ஹெய்டன், ட்வோர்ஷாக் இருவருக்கும் தொல்லை இல்லை. பேர்ட்டின் படைப்புக்கு உரிமை நடப்பில் உள்ளது. இசைத்தாளை விலைக்கு வாங்குங்கள், நகல் எடுக்காதீர்கள். கட்டணம் வாங்காத பார்வையாளருக்கு அமெச்சூர் சங்கம் நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் சன்மானம் வாங்கும் தொழில்முறைக் கலைஞர்கள் வாசித்தால் அதில் சாய்ந்துகொள்ளாமல் முறையாக உரிமம் பெறுங்கள். புதிய நோட்டுஸ்வரத்தை எழுதுபவரோடு ஒரு பக்க ஒப்பந்தம்: தொகை, தேதி, அடுத்த ஊரில் வாசிக்க யாரைக் கேட்க வேண்டும்.

8. கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டியவை

அறிவிப்பாளருக்கும் மைக் இல்லை. பள்ளியில் பாடம் நடத்தும் குரலில் பேசத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் போதும். ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு நிமிடம்தான். அதிலும் ஒரு நிமிடத்தைக் கலைஞர்களுக்குக் கொடுங்கள். முக்கிய மெட்டை முதலில் தனியே வாசித்துக் காட்டட்டும். தெரிந்த முகம் கூட்டத்தில் தென்படுவதுபோல, பிறகு அந்த மெட்டு வரும்போதெல்லாம் காது எழுந்து உட்காரும்.

கைத்தட்டல் பற்றி: ஒரு படைப்புக்குள் பகுதிகள் உண்டு, நடுவில் தட்டுவதில்லை என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். யாராவது தட்டினால் முறைக்காதீர்கள். மனம் நிறைந்து தட்டிய கையை ஏளனமாகப் பார்த்தால் அடுத்த ஆண்டு அந்தக் குடும்பமே வராது.

கைக்குழந்தையோடு வரும் தாய்மாருக்குக் கதவோரம் இடம். அவர்கள் எழுந்து போகவும் திரும்பி வரவும் முடிய வேண்டும். கைபேசியை அணைக்கச் சொல்வதோடு, பிரித்தால் சத்தம் வரும் மிக்சர் பொட்டலத்தையும் வாசலிலேயே நிறுத்துங்கள். கருப்பட்டிக் காப்பி முடிந்த பிறகு உண்டு என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

9. அன்றைய நாள், நேரப்படி

*மதியம் 12:* சுருதி சேர்ப்பவர் கடைசியாகப் பார்க்கிறார். கூடத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. நாற்காலி போடும் வேலை காலையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

*2 முதல் 4:* ஒத்திகை. தொண்டர் ஒருவர் கூடத்தின் ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்து கேட்டுச் சொல்கிறார். பியானோ வயலினை அமுக்கினால் மூடியைத் தாழ்த்துங்கள்.

*4:* கலைஞர்களுக்குச் சிற்றுண்டி, ஓய்வு. மீன் சாப்பாட்டு உபசாரம் இரவுக்கு.

*5:30:* அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரு நடை. எட்டு மணி வரை டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கடிதம் வேண்டாம், நேரில் போங்கள். அவர்களையும் கச்சேரிக்குக் கூப்பிடுங்கள். கோவில் மணி அடிக்கும் நேரத்தை உபதேசியாரிடம் கேட்டு, அந்த நிமிடத்தில் அறிவிப்பு வரும்படி நிரலை வைத்துக்கொள்ளுங்கள்.

*6:00:* கதவு திறப்பு. ஜெனரேட்டர் கூடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி முடியுமோ அவ்வளவு தூரம். வாசிப்பின் நடுவில் மின்சாரம் போனால் அதை ஓடவைக்காதீர்கள். நான்கு பேட்டரி விளக்குகள் தயாராக இருக்கட்டும்.

*6:25:* கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். செல்லோக் கலைஞரிடம் முன்பே சொல்லிவைத்தபடி, அவர் தன் தடித்த தந்தியை விரலால் ஒருமுறை மெதுவாக மீட்டுவார். கூட்டம் பேசிக்கொண்டிருக்கும்போதே அது உங்கள் காதுக்கு வந்தால் வேலை முடிந்தது. வரவில்லையென்றால், இன்னும் அணைக்காத ஓசை எங்கோ இருக்கிறது. தேடுங்கள். ஐந்து நிமிடம் இருக்கிறது.

10. முடிந்த பிறகு

அன்றிரவே செய்ய வேண்டியவை மூன்று: கணக்கை எழுதி முடிப்பது, பியானோவைத் துணியால் மூடுவது, ஜமுக்காளங்களை வாங்கிய வீட்டில் சேர்ப்பது. மறுநாள் வாடகைப் பியானோ போய்விடும். செல்லோப் பலகையை மட்டும் கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

ஒரு வாரம் கழித்து வந்தவர்களில் பத்துப் பேரைப் பார்த்து, எந்த இடம் நினைவில் நிற்கிறது என்று கேளுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்பதைக் குறிக்காதீர்கள். ‘அந்தப் பெரிய வயலின் அழுததே’ என்பதைக் குறியுங்கள். அடுத்த ஆண்டு நிரல் அதிலிருந்து வரும். பக்கம் புரட்டிய பிள்ளையிடமும் கேளுங்கள்: எந்தப் பக்கத்தைப் புரட்ட மறந்து கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாய்?